உலாவியை மாற்றலாமா?

ஆசிரியர் அறையில் அடிக்கடி என் காதில் விழும் தொடர் ஒன்றுண்டு: "கூகலைத் திறந்து பாருங்கள்." இதைச் சொல்பவர் சில வேளைகளில் தேடுபொறியைக் குறிக்கிறார், சில வேளைகளில் உலாவியைக் குறிக்கிறார், இன்னும் சில வேளைகளில் இணையம் முழுவதையுமே குறிக்கிறார். மூன்றும் வெவ்வேறு என்று பிரித்தறிந்து பேசுவோர் நம்மிடையே மிகச் சிலரே. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எந்த நிறுவனம் செய்ததாயினும் உடனடி மீ அனைத்தையும் 'மேகி மீ' என்றே அழைத்துப் பழகிய மக்கள் நாம். பெயர் ஒன்றாகிவிட்டால், பொருளும் ஒன்றே என்ற எண்ணம் தானே வந்துவிடுகிறது. வேறொன்று உண்டு என்பதே நினைவில் நிற்பதில்லை.

எங்கள் பள்ளியின் கணினிக்கூடத்தில் 21 கணினிகள் உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து நடத்தித் திரட்டிய நிதியில் வாங்கியவை சில. நல்லுள்ளம் கொண்டோர் தம் அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்தபின் கொடுத்தவை பல. அவை அனைத்திலும் குரோம் என்ற உலாவியே இருந்தது. கூடத்துக்குப் பொறுப்பான இளம் ஆசிரியர் ஒருவர், ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "ஐயா, இவற்றில் ஃபயர்பாக்ஸ் உலாவியைப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நான் எண்ணிய அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் அதற்குள் நம் மொழியின் அண்மைக்கால வரலாறு இருக்கிறது. பிள்ளைகளின் நலன் இருக்கிறது. ஆசிரியர்களின் பழக்கமும் அச்சமும் இருக்கின்றன. ஆகவே இதனை எழுத்தில் எடை போட்டுப் பார்க்க விழைந்தேன்.

உலாவி என்பது யாது? இணையப் பக்கம் நம் கணினிக்கு வரைந்து முடித்த ஓவியமாக வந்து சேர்வதில்லை. குறிப்புகளின் தொகுப்பாக வந்து சேர்கிறது. 'இவ்விடத்தில் தலைப்பு, இவ்விடத்தில் படம், இவ்வெழுத்து பெரியது' என்பன போன்ற குறிப்புகளைப் படித்து, அவற்றை எழுத்தாகவும் படமாகவும் திரையில் தீட்டிக் காட்டுவதே உலாவியின் பணி. அதன் உள்ளே இருந்து இவ்வேலையைச் செய்யும் பகுதியைப் பொறி என்பர். பொறிதான் உயிர்; வெளியே தெரியும் பொத்தான்களும் வண்ணங்களும் உடை.

இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் முதலிலேயே ஒரு மயக்கம் தீரும். குரோம் வேண்டாம் என்று எட்ஜுக்கு மாறுகிறவரும், ஓப்பராவுக்கு மாறுகிறவரும், பிரேவ், விவால்டி ஆகியவற்றுக்கு மாறுகிறவரும் உண்மையில் பொறியை மாற்றுவதில்லை. இவை யாவும் குரோமியம் என்னும் ஒரே அடிப்படையின்மேல் கட்டப்பட்டவை. நார்வே நாட்டில் பிறந்த ஓப்பரா தனக்கென வைத்திருந்த பொறியை 2013-ஆம் ஆண்டில் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் எட்ஜ் உலாவியைக் குரோமியத்தின்மேல் ஏற்றி வைத்தது. ஒரே மாவில் வார்த்த தோசையும் ஊத்தப்பமும் போலத்தான். பொறியிலேயே வேறாக நிற்பவை என்று சொல்லத்தக்கவை ஆப்பிளின் சஃபாரியும், மொசில்லாவின் ஃபயர்பாக்ஸும். சஃபாரி ஆப்பிள் கருவிகளுக்கே உரியது. எனவே எங்களைப் போன்ற பள்ளிக்கு உண்மையான மாற்று எனச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். இளம் ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டதற்குக் காரணமும் அதுவே.

இனிச் சற்றுப் பழங்கதை பேச வேண்டும். இளைய ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

ஜெனிவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை எழுதியது 1990-ஆம் ஆண்டில். படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுவந்த மொசைக் 1993-இல் வந்தது. அடுத்த ஆண்டே நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வந்தது. 1995-இல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டு, பின்னர் அதனைத் தன் விண்டோஸ் இயங்குதளத்தோடு பிணைத்தே கொடுத்தது. கணினியை வாங்கியவர் கையில் உலாவியும் வந்து சேர்ந்தது. வேறொன்றைத் தேடிச் செல்ல யாருக்குத் தோன்றும்? 1998-இல் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் தன் மூல நிரலைப் பொதுவில் திறந்து வைத்தது. அதிலிருந்து முளைத்ததே மொசில்லா. அதன் கனியே 2004-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ். ஆயினும் அதற்குள் எக்ஸ்புளோரர் உலகில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலானோரின் உலாவியாகிவிட்டிருந்தது. போட்டியற்றுப் போனபின் நேர்ந்தது என்ன? 2001-இல் ஆறாம் பதிப்பை வெளியிட்டவர்கள், ஏழாம் பதிப்பை வெளியிட 2006 வரை எடுத்துக்கொண்டார்கள். எதிரே ஓடுபவன் இல்லையெனில் ஓட்டக்காரன் நடக்கத் தொடங்குவது இயல்புதானே!

தமிழாசிரியர்களுக்கு இந்தக் கதையால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க நாம் பட்ட பாடு இன்றைய மாணவர் அறியாதது.

தமிழ் இணையத்தில் ஏறிய வரலாற்றில் நம் இரு நாடுகளுக்கும் பெருமைக்குரிய இடம் உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி 1995-ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றுவதற்கு உழைத்தவர். கணியன் என்ற மென்பொருளைத் தந்தவர். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெறுவதற்கு முன்னின்றவர். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். 2001-ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இத்தனை பேர் இத்தனை பாடுபட்டும் ஓர் இடர் நீங்கவில்லை. ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் திரையில் தோன்றுவது தமிழன்று. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளும் கலந்த ஒரு புரியாக் குவியல். அதைத் தவிர்க்க, பக்கத்தோடு சேர்த்தே எழுத்துருவை அனுப்பும் முறை வந்தது. அங்கேதான் சிக்கல். எக்ஸ்புளோரருக்கு ஒரு வகைக் கோப்பு. நெட்ஸ்கேப்புக்கு வேறு வகைக் கோப்பு. இரண்டையும் செய்து வைக்க வசதியில்லாத தளங்கள், அதிகம் பேர் பயன்படுத்திய எக்ஸ்புளோரருக்கு மட்டும் செய்து வைத்தன. வேறு உலாவியில் திறந்தவனுக்குத் தமிழ் தெரியாது; தமிழ் தெரிந்திருந்தும் அவன் படிக்க முடியாது!

நான் அப்போது இளம் ஆசிரியன். மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சிக்காகத் தமிழக நாளிதழ் ஒன்றின் பக்கங்களை எடுத்துக்கொண்டு போவேன். வீட்டில் ஒரு கணினியில் தெரியும் பக்கம், நண்பர் வீட்டுக் கணினியில் தெரியாது. ஒரு மொழியின் எழுத்து ஒரு தனியார் நிறுவனத்தின் உலாவியை நம்பி நிற்கும் நிலை எத்துணை இரங்கத்தக்கது என்று அன்று நான் எண்ணியதுண்டு. ஒருங்குறி பரவியபின் அந்த நிலை மாறிற்று. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், இயங்குதளங்களும் உலாவிகளும் அதனைச் சரிவர ஏற்றுக்கொள்ள ஆண்டுகள் பல ஆயின. ஃபயர்பாக்ஸின் தொடக்கப் பதிப்புகளிலும் குறை இருந்தது. இருபுறமும் ஓரம் சமன் செய்யப்பட்ட தமிழ்ப் பத்திகளில் கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று எழுத்துகள் சிதறிக் கிடக்கும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது தீர்ந்தது.

இன்று குரோமும் சரி, ஃபயர்பாக்ஸும் சரி, எழுத்துகளைக் கோத்து அமைப்பதற்கு ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே திறந்த மூல நிரலைத்தான் பயன்படுத்துகின்றன. ஆதலால் ஸ்ரீ முதல் கொம்புக்கால் வரை இரண்டிலும் தமிழ் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டின் கட்டளைப் பட்டியல்களையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இயங்குதளத்தைச் சேர்ந்தவை. உலாவியை மாற்றினால் அவை மாறா. கூட்டத்தில் இரண்டு ஆசிரியைகள் எழுப்பிய ஐயம் இதுவே என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். தமிழைப் பொறுத்தவரை, மாறுவதால் இழப்பும் இல்லை, ஆதாயமும் இல்லை.

அப்படியானால் மாறுவானேன்?

முதற் காரணம் எங்கள் வறுமை. 21 கணினிகளுள் ஒன்பது இன்னும் விண்டோஸ் 7 இயங்குதளத்தில் ஓடுபவை. அவ்வியங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் 2020-ஆம் ஆண்டு ஜனவரியிலேயே விடை கொடுத்துவிட்டது. குரோமும் எட்ஜும் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு அதனைக் கைவிட்டன. அதற்குப்பின் கண்டறியப்பட்ட எந்த ஓட்டையும் அந்தக் கணினிகளின் குரோமில் அடைபடவில்லை. ஃபயர்பாக்ஸோ, தன் 115-ஆம் பதிப்பின் நீண்டகாலக் கிளையை அத்தகைய பழைய கணினிகளுக்கெனவே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களுக்கான கெடுவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்தது. புதுக் கணினி வாங்க வழியில்லாதவர்களை நினைத்துச் செய்த செயல் அது. ஆயினும் இதில் மிகையாக மகிழ்ந்துவிடக் கூடாது. கூரை முழுதும் ஓட்டையாக இருக்கும் வீட்டில் கட்டிலுக்குமேல் குடை பிடிப்பது போன்றதே இது. இயங்குதளம் பழையதாக இருக்கும்வரை உலாவி ஒன்றினால் மட்டும் காப்பு வந்துவிடாது. குடையாவது இருக்கட்டும் என்பதே என் கருத்து. லினக்ஸ் போடலாமே என்ற பேச்சும் கூட்டத்தில் வந்தது. அது வேறொரு நாளைக்குரிய விவாதம்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது என் குரல் சற்று உயரும். நான்காம் ஆண்டு மாணவர்க்கு அறிவியல் பாடத்தில் ஒரு காணொளி காட்டிக்கொண்டிருந்தார் ஓர் ஆசிரியை. விதை முளைப்பதைப் பற்றிய காணொளி. அதைத் தாங்கிய பக்கத்தின் ஓரத்தில் சூதாட்ட விளம்பரம் ஒன்று பல வண்ணங்களில் மின்னிக்கொண்டிருந்தது. திரை ஆறடி அகலம். பிள்ளைகள் முளையைப் பார்ப்பார்களா, மின்னுவதைப் பார்ப்பார்களா? ஆசிரியை பாடத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து நின்றார். "ஐயா, நான் என்ன செய்வது?" என்று கேட்ட அவருடைய முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. எத்தனையோ குடும்பங்களைச் சூது சீரழித்ததைக் கண்ணால் கண்ட ஊர் எங்களுடையது. வகுப்பறைச் சுவரில் அந்தச் சுவரொட்டியை ஒட்ட எவனாவது வந்தால் விடுவோமா?

விளம்பரத்தைத் தடுக்கும் நீட்சிகள் உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது யூபிளாக் ஒரிஜின் என்பது, காசு கேட்காதது. குரோம் தன் நீட்சிகளுக்கான விதிமுறையை மாற்றியமைத்ததால், 2024, 2025-ஆம் ஆண்டுகளில் இது படிப்படியாக அங்கே செயலிழந்தது. ஆற்றல் குறைக்கப்பட்ட 'லைட்' வடிவம் ஒன்றே அங்கே கிடைக்கிறது. பாதுகாப்புக்காகவே விதியை மாற்றினோம் என்பது கூகலின் விளக்கம். நீட்சிகளால் தீங்கு விளைந்ததுண்டு என்பதும் உண்மைதான். ஆனால் விளம்பரத்தையே பெரும் வருவாயாகக் கொண்ட நிறுவனம், விளம்பரத் தடுப்பு எந்த அளவுக்கு இயங்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஃபயர்பாக்ஸில் அந்த நீட்சி முழு ஆற்றலோடு இயங்குகிறது.

இங்கே ஓர் அறநெறிக் கேள்வியையும் தாண்டிச் செல்ல மனம் ஒப்பவில்லை. விளம்பரத்தைத் தடுப்பது, அந்தப் பக்கத்தை எழுதியவனின் கூலியைப் பிடித்துக்கொள்வது ஆகாதா? இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் தமிழ் இதழ்கள் பல, விளம்பரம் தரும் சில காசுகளை நம்பியே நடக்கின்றன. எழுத்தாளர் சங்கத்தின் தொகுப்பில் எழுதிக்கொண்டே எழுத்தாளன் வயிற்றில் அடிக்கலாமா? நான் என் வீட்டுக் கணினியில், விரும்பிப் படிக்கும் இதழ்களுக்குத் தடுப்பை நீக்கி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் அப்படியன்று. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணை விற்று எவருக்கும் கூலி கொடுக்க வேண்டிய கடமை எனக்கில்லை.

மூன்றாவது, பின்தொடர்தல். குக்கி என்பது, நாம் சென்ற தளம் நம் கணினியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு. நாம் மீண்டும் செல்லும்போது நம்மை அடையாளம் காண அது உதவும், அதில் தீதில்லை. ஆனால் நாம் செல்லாத மூன்றாம் நிறுவனமும் அதே பக்கத்தினுள் புகுந்து தன் குறிப்பை விட்டுச்செல்கிறது. கடைத்தெருவில் நாம் புகும் ஒவ்வொரு கடையின் வாசலிலும் ஒரே ஆள் கையேட்டோடு நின்று, 'இவர் இதை வாங்கினார், அதைப் பார்த்தார்' என்று எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும்? சஃபாரி இத்தகைய குக்கிகளை 2020-ஆம் ஆண்டிலேயே முற்றாக அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிச் சாடியில் இட்டு, ஒன்று மற்றொன்றைப் பாராதபடி செய்துள்ளது. குரோமும் நிறுத்திவிடுவதாக 2020-இல் அறிவித்தது. தவணை பல சொல்லி, கடைசியில் 2025-ஆம் ஆண்டு அத்திட்டத்தையே கைவிட்டது. நேர்மையாகச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. பள்ளிகளுக்கெனத் தரப்படும் கணக்குகளின் மையச் சேவைகளில் மாணவர் தரவுகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகல் கூறுகிறது. ஆனால் நம் பிள்ளைகள் அந்தச் சேவைகளுக்குள் மட்டுமா உலவுகிறார்கள்?

மறுபக்கத்துக்கு வருவோம். அங்கும் வலுவான காரணங்கள் உள்ளன. அவற்றை எடுத்துரைத்தவர் எங்கள் துணைத் தலைமையாசிரியர். அவர் மாற்றத்தை வெறுப்பவர் அல்லர். தேவையற்ற மாற்றத்தை வெறுப்பவர்.

"ஐயா, நாம் எதை வேண்டுமானாலும் விரும்பலாம். அமைச்சு எந்த வழியில் போகிறதோ அந்த வழியில்தானே பிள்ளைகள் போக வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. நம் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம் 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்டது. கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றின் சேவைகளும் அதில் உள்ளன. கூகல் வகுப்பறை ஃபயர்பாக்ஸிலும் நன்றாகவே திறக்கிறது. ஆனால் குரோமில் மாணவன் தன் கணக்கோடு நுழைந்தால், அவனுடைய குறியிட்ட பக்கங்களும் அமைப்புகளும் எந்தக் கணினிக்குச் சென்றாலும் கூடவே வருகின்றன. அது பெரிய வசதி. எங்களிடம் உள்ள சில குரோம்புக் கணினிகளிலோ, பெயரே சொல்வதுபோல், குரோமே இயங்குதளத்தின் பகுதி; அங்கே மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் எடுத்து வைத்த அடுத்த கருத்து என்னைச் சிந்திக்க வைத்தது. உலகில் மூன்றில் இரண்டு பங்கு அளவினர் குரோமைப் பயன்படுத்துகின்றனர். ஃபயர்பாக்ஸைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு இருவர் மூவரே. ஆதலால் தளங்களை உருவாக்குவோர் குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். ஃபயர்பாக்ஸில் பழுது தோன்றினால் திருத்துவோர் யார்? மேலும், ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? தன் உலாவியில் கூகல் தேடுபொறியை முதலில் வைப்பதற்காகக் கூகல் தரும் பணத்திலிருந்து! "கடனாளி கடன்காரனை எதிர்த்து எத்தனை நாள் நிற்பான்?" என்று அவர் கேட்டபோது சிரிப்பு எழுந்தது, ஆனால் அந்தக் கேள்வி சிரிப்புக்குரியதன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மொசில்லா தன் பணியாளர்களுள் ஏறத்தாழ 250 பேரை நீக்கியது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது வெளியிட்ட பயன்பாட்டு விதிகளின் சொற்கள் பயனர்களிடையே பெரும் ஐயத்தைக் கிளப்பின. எதிர்ப்பு வலுத்ததும் திருத்திக்கொண்டது. அதுவும் குற்றமற்ற முனிவர்களின் ஆசிரமம் அன்று.

இதற்கு நான் சொன்ன மறுமொழி ஒன்றே. நூற்றுக்கு இருவர் மூவர் என்ற எண்ணிக்கை மாறாதிருப்பதற்குக் காரணம், நூற்றில் மற்றவர்கள் எல்லாரும் இப்படியே எண்ணுவதுதான். எக்ஸ்புளோரர் காலத்தில் தமிழ் எழுத்துகள் ஒரே உலாவிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததற்கும் இதே எண்ணம்தான் காரணம். அமெரிக்காவில் கூகலின்மேல் நடந்த வழக்கில், தேடுதுறையில் அது சட்டத்துக்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்துக்கொண்டது என்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோமை விற்றுவிட ஆணையிட வேண்டும் என அரசு கேட்டது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிபதி அதற்கு இசையவில்லை. நீதிமன்றம் செய்யாததை ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் இடையே கிடக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினிக்கூடமா செய்துவிடப் போகிறது? செய்யாதுதான். ஆயினும் உலகில் இரண்டு உண்டு என்று எங்கள் மாணவன் அறிந்திருப்பான்.

கடவுச்சொற்கள் பற்றி எழுந்த அச்சம் தனி. ஆண்டுக்கணக்காகக் குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் என்னாகும் என்பதே பல ஆசிரியர்களின் முதற் கவலை. மாறுவது எளிது, அவற்றை ஃபயர்பாக்ஸுக்குக் கொண்டுவந்துவிடலாம். கோப்பாக எடுத்து மாற்றுவோர் மட்டும், வேலை முடிந்ததும் அக்கோப்பை அழித்துவிட வேண்டும். கடவுச்சொற்கள் அனைத்தும் அதில் மறைப்பின்றி எழுதப்பட்டிருக்கும். ஆனால் இந்தப் பேச்சினூடே வேறொன்று வெளிப்பட்டது. ஆசிரியர் அறையில் அனைவரும் பயன்படுத்தும் ஒரு கணினியில், வங்கிக் கணக்கின் கடவுச்சொல் உட்படப் பலருடைய இரகசியங்கள் குவிந்து கிடந்தன! எந்த உலாவியாக இருந்தால் என்ன? அந்தக் கணினியின் முன் அமர்பவர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அவற்றைப் பார்த்துவிடலாம். ஃபயர்பாக்ஸில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றால் பூட்டி வைக்கும் வசதி உண்டு. ஆயினும் நாமே முனைந்து அமைத்தால் ஒழிய அது தானே பூட்டிக்கொள்ளாது. அன்று மாலையே எல்லாரும் தத்தம் கடவுச்சொற்களை அங்கிருந்து நீக்கினர். உலாவியை மாற்றாமலே விளைந்த நன்மை இது.

விவாதத்தால் மட்டும் முடிவு காண இயலாது என்பதால், ஆறு கணினிகளில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதென்று ஏற்பாடாயிற்று. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறையும் அதுவே: புதிய கற்பித்தல் முறையை ஒரு வகுப்பில் நடத்திப் பார்க்காமல் பள்ளி முழுமைக்கும் விதிக்கலாகாது.

மாணவர்களுக்குப் பழகிக்கொள்ள ஒரு பாடவேளை கூடத் தேவைப்படவில்லை. சின்னத்தில் நரி இருப்பதைக் கண்டு அதற்கு 'நரி' என்றே பெயரிட்டுவிட்டனர். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, நரியில் பக்கம் சுத்தமாக இருக்கிறது" என்றாள். வாசிப்புப் பார்வை என்னும் வசதியை ஆசிரியைகள் பெரிதும் விரும்பினர். கட்டுரையைச் சூழ்ந்த குப்பைகளை எல்லாம் விலக்கி, எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் பொத்தான் அது. பின்தங்கிய மாணவர்க்குத் தமிழ்க் கட்டுரை படிக்கக் கொடுக்கும்போது அதன் பயனை நேரில் கண்டேன். வரியைத் தவறவிடாமல் விரல் வைத்துப் படித்தார்கள்.

இடர்களும் தோன்றின. மாணவர் போட்டி ஒன்றுக்குப் பெயர் பதிந்துகொள்ளும் தளம், 'வேறு உலாவியில் வருக' என்று கதவை அடைத்தது. அந்தத் தளத்தைச் செய்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன், பதில் வரவில்லை. பெயர் பதிவைக் குரோமிலேயே முடித்தோம். தமிழ்ப் பக்கத்தை மலாய்க்கோ, ஆங்கிலப் பக்கத்தைத் தமிழுக்கோ ஒரே சொடுக்கில் மாற்றித் தரும் கூகலின் மொழிபெயர்ப்பு குரோமினுள்ளேயே அமைந்திருப்பதை ஆசிரியர் சிலர் பெரிதும் நாடினர். ஃபயர்பாக்ஸ் 2023-இல் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு, பக்கத்தை வெளியே அனுப்பாமல் நம் கணினிக்குள்ளேயே வேலையை முடிப்பது. ஆனால் ஐரோப்பிய மொழிகளோடு தொடங்கியது. என்னைக் கேட்டால், மாணவன் அந்தப் பொத்தானை அழுத்துவதைவிட அகராதியைப் புரட்டுவதே மேல். ஆனால் அது தமிழாசிரியனின் பிடிவாதம் என்று சொல்லிவிடுவார்கள்.

மாதம் முடிந்ததும் முடிவு செய்தோம். கணினிக்கூடத்தின் 21 கணினிகளிலும் ஃபயர்பாக்ஸ் முதல் உலாவியாக இருக்கும். மூடும்போது வரலாறும் குக்கிகளும் தாமே அழியும். கடவுச்சொல் சேமிப்பு அடைக்கப்பட்டிருக்கும். விளம்பரத் தடுப்பு இருக்கும். புதிய பன்னிரண்டு கணினிகளில் குரோமும் உடன் இருக்கும், பிடிவாதம் பிடிக்கும் தளங்களுக்காக. பழைய ஒன்பதில் குரோமை நீக்கிவிட்டோம். குரோம்புக்குகள் இருந்தபடியே இருக்கும். ஆசிரியர்கள் தத்தம் கணினியில் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம். அதில் நான் தலையிடவில்லை. துணைத் தலைமையாசிரியர் இன்றும் குரோமைத்தான் பயன்படுத்துகிறார். இளம் ஆசிரியரோடு நாள்தோறும் இதுபற்றி இனிய சண்டையும் போடுகிறார்.

அலுவலகம் மட்டும் இழுபறியாக நிற்கிறது. எங்கள் எழுத்தர் அம்மையார் பரிசளிப்பு விழாவுக்கான நற்சான்றிதழ்களை உலாவியிலிருந்தே அச்சிடுபவர். குரோமில் மிகச் சரியாகப் பொருந்தும் பள்ளிச் சின்னம், ஃபயர்பாக்ஸில் அச்சிட்டபோது ஏறக்குறைய அரை அங்குலம் கீழே இறங்கி மாணவன் பெயரின்மேல் ஏறிக்கொண்டது. ஓரங்களைத் திருத்தி நான்கு முறை முயன்றோம். தடித்த தாளில் பதினெட்டு வீணாயின. "ஐயா, விழா முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் பழைய உலாவியைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார் அவர். விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன.